"நடிக்கிறான்" என்று கத்துவதற்கு முன்

கோத்தகிரி பக்கம் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு கால்பந்து அரையிறுதி. பிசியோதெரபிஸ்ட்டாக நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கார்னர். பந்தைக் குத்த எகிறிய கோல்கீப்பரின் காதுக்கு மேலே, எதிரணிப் பையனின் தலை மோதியது. விழுந்த கோல்கீப்பர் பையன் உடனே எழவில்லை.

அவன் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. அதனால் எதிர் ஊர்க்காரர்கள், "நடிக்கிறான், டைம் கடத்துறான்" என்று ஒரே கூச்சல். அவனுடைய டீம் மேனேஜரோ, "ஒண்ணுமில்ல, எந்திரிடா" என்கிறார். ரெஃப்ரி குனிந்து, "ஆடுவியா?" என்று கேட்டார். தலையாட்டினான். விசில் ஊதிவிட்டார். ரெஃப்ரி கூப்பிடாமல் நான் உள்ளே போக முடியாது, விதி அப்படி. ஆனால் கத்தியாவது கூப்பிட வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

இடைவேளையில், "அண்ணா, ஸ்கோர் என்ன?" என்றான். சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையே கேட்டான். லேஸைக் கட்டிக்கொண்டே மூன்றாவது முறையும் கேட்டான். இவனை இறக்கக் கூடாது என்று மேனேஜரிடம் சொன்னேன். "இன்னும் அரை மணி நேரம்தானே சார்" என்றார். பையனின் கையைப் பிடித்து நானே உட்கார வைத்துவிட்டேன். திட்டு விழுந்தது, பரவாயில்லை.

இதுதான் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி. அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதில்லை. நடப்பார்கள், பேசுவார்கள், "ஆடுறேன்" என்பார்கள். குழம்பியிருக்கிற மூளையிடமே போய் "நல்லாயிருக்கியா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அது தெளிவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் இளம் வயதினருக்கு ஆபத்து கூடுதல்.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலேயே இது நடந்தது. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் பலமாக அடிவாங்கிய பிறகும் தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து ரெஃப்ரி நிக்கோலா ரிசோலியிடம் போய், "இது ஃபைனல்தானா?" என்று கேட்டார். ரிசோலி உடனே ஜெர்மனியின் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொல்ல, 31-வது நிமிடத்தில் கிராமர் வெளியேறினார். அத்தனை டாக்டர்கள் இருந்த மைதானத்தில் விஷயத்தைப் பிடித்தது ஒரு ரெஃப்ரி.

கூச்சல் போடுகிறவர்களுக்கு ஒன்று. கோல்கீப்பருக்கு அடிபட்டால் மைதானத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்க விதியில் இடம் இருக்கிறது. அதில் போகிற நேரத்தை ரெஃப்ரி கடைசியில் சேர்த்தாக வேண்டும். அப்புறம் எங்கே டைம் கடத்துவது? 2024-25 விதிகளின்படி, போட்டி நடத்துபவர்கள் விரும்பினால், கன்கஷன் ஆனவருக்குப் பதிலாக வழக்கமான கணக்கில் சேராமல் ஒரு மாற்று வீரரை இறக்கலாம். எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்று கிடைக்கும். நம் சுழற்கோப்பைப் போட்டிகளின் விதிகளில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்.

மேனேஜர்களுக்கு 2015 ஆகஸ்ட் 8 நினைவிருக்கும். இங்கிலாந்து லீக்கில் செல்சி, ஸ்வான்சி மேட்ச் 2-2. செல்சி வீரர் ஹசார்ட் விழ, ரெஃப்ரி கூப்பிட்டு அந்த அணியின் டாக்டர் ஈவா கார்னீரோ ஓடினார். விதிப்படி ஹசார்ட் கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டியதாகி, ஏற்கெனவே பத்துப் பேரான செல்சி ஒன்பதானது. செல்சி மேனேஜர் ஜோசே மொரின்யோ தன் மருத்துவக் குழுவை வெளிப்படையாகவே சாடினார். அது தலைக்காயம் இல்லைதான். ஆனாலும் ஸ்கோரைப் பார்த்து வைத்தியம் செய்யச் சொல்வது எந்த ஊரில் நடந்தாலும் தப்பு.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று ஜீப்பில் போகும்போது அந்தப் பையன் வாந்தி எடுத்தான். "வளைவுல வர்றதுதான்" என்றார்கள். பிறந்ததிலிருந்து அதே ரோட்டில் போய்வருகிறவன்! வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனாலும் மூன்று வாரம் தலைவலி, போன் வெளிச்சம்கூட ஆகவில்லை.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது: இதில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய சிகிச்சை என்றால் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும், மலைப்பாதையிலேயே நேரம் போய்விடும். அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றிரவு தனியாக விடாதீர்கள். வண்டி ஓட்ட வேண்டாம், ஜெயித்த சந்தோஷத்தில் மதுவும் வேண்டாம்.

இப்போதெல்லாம் மேட்சுக்கு முன்பே ரெஃப்ரியிடமும் இரண்டு மேனேஜர்களிடமும் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இது எந்த கிரவுண்டு? இப்போது எந்தப் பாதி? கடைசி கோல் போட்டது யார்? போன மேட்ச் யாரோடு? ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சமீபத்தில் குன்னூரில் ஒரு பையன் தலையில் அடிபட்டு விழுந்தபோது, சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு "ரெஃப்ரி, நிறுத்துங்க" என்று முதலில் கத்தியது எதிரணி மேனேஜர்.