சோலைச்சிட்டு: ‘ஷோலாகிளி’ என்று எழுதலாமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரக் காடுகளில் வாழும் கருநீலச் சிறு பறவைக்கு ஆங்கிலப் பட்டியல்களில் ‘ஷோலாகிளி’ என்று பெயர். அதையே தமிழிலும் எழுதிவிடுகிறார்கள். சொல்லின் இரு பாதியும் நமக்குத் தெரிந்தவைதான், ஆனால் இரண்டிலுமே சிக்கல் உண்டு.

முன்பாதி, சோலை. சமவெளியில் அது மரத்தோப்பு. மலையில் பொருள் வேறு: புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவே, நீரோடும் மடிப்புகளில் மட்டும் நெருங்கி நிற்கும் குட்டைமரப் பசுமைமாறாக் காடு. மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என்ற இடப்பெயர்களில் இந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷோலா’ ஆன சொல்லைத் திரும்ப வாங்கி நாமே ‘ஷோலா காடு’ என்று எழுதுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

பின்பாதி, கிளி. மலையாளத்தில் இது சிறு பறவைகளுக்குப் பொதுப்பெயர். நம் மாங்குயில் அங்கே மஞ்ஞக்கிளி. நம் கிளி அங்கே ‘தத்த’, அதாவது நம் பழைய தத்தை. தமிழரிடம் சோலைக்கிளி என்றால் பச்சைச் சிறகும் வளைந்த அலகும்தான் மனதில் வரும். இதுவோ சுமார் 15 செ.மீ. நீளமும் மெல்லிய நேரான அலகும் கொண்டது. விடியலிலும் அந்தியிலும் ஓடையோரப் புதரடியில், தரையை ஒட்டித் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும்.

முன்பு இதை ‘நீல ராபின்’ என்றார்கள். மரபணு ஆய்வில் ஈப்பிடிப்பான்களுக்கே நெருக்கம் என்று தெரிந்ததும், 2017-இல் ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினம் அமைந்தது. ‘கோலா’ லத்தீனில் வாழ்வது எனப் பொருள்படும், ஆக, சோலைவாழி. அறிவியல் பெயருக்குள்ளேயே தமிழ்ச்சொல் இருப்பது நமக்குப் பெருமைதான்.

சிறு பறவைக்குச் சிட்டு என்பதே தமிழ் வழக்கு: தேன்சிட்டு, தையல்சிட்டு, கருஞ்சிட்டு. எனவே சோலைச்சிட்டு என்பதே பொருந்தும். இனங்கள் மூன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைச்சிட்டு. அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே, பழனி, ஆனைமலைப் பகுதிகளில், வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு. அதற்கும் தெற்கே அசம்புச் சோலைச்சிட்டு. காட்டு நிழலை விட்டு வெளியே வரத் தயங்கும் பறவை என்பதால் தாழ்ந்த கணவாய்கள் இதற்கு மதில்போல. தேயிலைத் தோட்டங்களால் சோலைகள் துண்டுபட்டதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு இருந்தால் நீலகிரி இனம். மற்ற இரண்டிலும் அங்கே நீலச்சாம்பல்தான். படத்தைப் பார்த்து அவற்றைப் பிரிப்பது கடினம்; எந்த மலையில் எடுத்த படம் என்று கேட்டுவிட்டுப் பெயர் எழுதுங்கள்.