தப்பாகப் போட்ட கணக்கை முதலில் காட்டுங்கள், டியூஷன் பற்றி அப்புறம் பேசலாம்

"கணக்குல ரொம்ப வீக்கா இருக்கான், தினமும் ஒரு மணி நேரம் உட்கார வச்சு சொல்லிக் குடுங்க" என்றுதான் பெரும்பாலான பெற்றோர் என்னிடம் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது குழந்தையின் பழைய நோட்டை. மார்க் ஷீட் எனக்கு அவ்வளவாக உதவாது, அதில் வெறும் எண்தான் இருக்கும். தப்பு என்று சிவப்புப் பேனாவால் அடித்த பக்கங்கள்தான் வேண்டும்.

ஒரு குழந்தை 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. 64-லிருந்து 38 போனால் 34 என்கிறது. ஆனால் 58-லிருந்து 23 போனால் 35 என்று சரியாகவே போட்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு இது கவனக்குறைவு. உண்மையில் அந்தக் குழந்தை ஒரே விதியை எல்லாக் கணக்கிலும் ஒழுங்காகப் பின்பற்றுகிறது: எது மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடு. அதனால் கடன் வாங்க வேண்டியிராத கணக்கெல்லாம் சரியாக வந்துவிடுகிறது, மற்றதெல்லாம் தப்பாகிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே இந்த மாதிரிக் கழித்தல் பிழைகளை அலசி, அவை ஏனோதானோ என்று வருபவை அல்ல, அவற்றுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார்கள். இந்தக் குழந்தைக்கு இன்னும் ஐம்பது கழித்தல் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அந்தத் தப்பு விதிதான் நன்றாகப் பழகும்.

0.45, 0.6 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் 0.45 என்று சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர், 45 ஆறைவிடப் பெரிது அல்லவா! 8 + 4 = ? + 5 என்று எழுதிக் காட்டினால் கேள்விக்குறி இருக்கும் இடத்தில் 12 என்று எழுதுவார்கள். சமக்குறிக்கு அவர்கள் மனதில் இருக்கும் பொருள் "இங்கே விடையை எழுது" என்பதுதான். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பதியவே இல்லை. இதை இந்த வயதில் சரிசெய்யாமல் விட்டால் பின்னால் இயற்கணிதம் வரும்போது பிள்ளை திணறும், அப்போது எல்லோரும் இயற்கணிதத்தைத்தான் குறை சொல்வார்கள்.

தனி வகுப்பின் பெருமையைச் சொல்லும்போது பலரும் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய கட்டுரையைக் காட்டுகிறார்கள். தனியாகக் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்றார் அவர். அது வெறும் தனி வகுப்பின் பலன் இல்லை. ஒரு பகுதியைப் படித்ததும் சோதிப்பது, எங்கே தப்பு என்று பார்த்துத் திருத்துவது, அது பிடிபட்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போவது என்ற முறையும் கூடவே இருந்தது. 2011-ல் ஆய்வாளர் கர்ட் வான்லென் தனி வகுப்பு பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்குக் கிடைத்த முன்னேற்றம் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. அதுவும் நல்ல பலன்தான், ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துவிட்டாலே அற்புதம் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

டியூஷன் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள பெற்றோர் சும்மா ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பேனா யார் கையில் இருக்கிறது, யார் அதிகம் பேசுகிறார்கள்? ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதையும் கவனியுங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் தெளிவாகவும் வருகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டறிந்தார். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பொறுமை கஷ்டம், சரி. எதிரே ஒரே ஒரு பிள்ளை இருக்கும்போதும் ஆசிரியரே விடையைச் சொல்லிவிட்டால் அது என்ன தனிக்கவனம்? நாளைய வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவதே டியூஷன் என்று ஆகிவிட்ட இடங்களில் இதுதான் நடக்கிறது. இதில் பெற்றோரின் நெருக்கடிக்கும் பங்கு உண்டு.

என்னிடம் படிக்க வரும் பெரியவர்கள் விஷயம் வேறு மாதிரி. வேலை, தேர்வு, புதிய மொழி, வட்டிக் கணக்கு என்று குறிப்பான ஒரு தேவையோடுதான் வருவார்கள், அந்தத் தேவையைத் தொடாத பாடம் அவர்களிடம் நிற்காது. குழந்தைகளுக்கான புத்தகத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தால் அந்த அவமானத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இன்னொன்று, குழந்தை புரியவில்லை என்றால் முழிக்கும், பெரியவர் மரியாதைக்காக "புரிஞ்சிடுச்சு" என்று தலையாட்டிவிடுவார். அதனால் நான் அவர்களிடம் புரிந்ததா என்று கேட்பதே இல்லை, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2006-ல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது, கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் அடிக்கோடு போட்டுக்கொண்டே கழித்துவிடாதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் எழுத்துகள் பிடிபடாத குழந்தைக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதன் பிறகும் சிரமம் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். டியூஷன் ஆசிரியர் சந்தேகப்படலாம், உறுதிசெய்வது அவர் வேலை இல்லை. "சோம்பேறி" என்று பெயர் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் டியூஷன் மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

டியூஷன் சேர்த்து ஒரு மாதம் ஆனதும் ஆசிரியரிடம் கேளுங்கள்: என் பிள்ளை எந்த இடத்தில் தப்பு செய்கிறது, என்ன நினைத்துக்கொண்டு அப்படிச் செய்கிறது? "கவனம் பத்தலைங்க" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள், நோட்டைத் திறந்து ஒரு தப்புக் கணக்கைக் காட்டி அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.