நீலக் கடலுக்குள் ஒளிந்திருக்கும் பச்சை ஏடு

செயற்கைக்கோள் படத்தில் கடல் நீலமாகத் தெரிந்தால் அங்கே தாவர மிதவையுயிரிகள் (நீரில் மிதந்து வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் நுண்ணிய, பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிர்கள்) இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடாது. கரையோரக் கடலில் செயற்கைக்கோளின் பார்வை மேலே உள்ள சில மீட்டர்களைத் தாண்டுவதே அரிது. வெயில் காலத்தில் அவற்றின் பச்சை பெரும்பாலும் அதற்கும் கீழே இருக்கும்.

காரணம் பள்ளிப் பாடம்தான். சூடான நீர் லேசானது, மேலே நிற்கும். ஆற்று நீர் கலந்தால் உப்புக் குறைந்து இன்னும் லேசாகும். கீழே குளிர்ந்த, கனத்த நீர். இரண்டும் எளிதில் கலக்காது. மேலடுக்கில் வெளிச்சம் தாராளம். ஆனால் அங்கிருந்த நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய உரச்சத்துகளை மிதவையுயிரிகள் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிடும். அவை செத்து மூழ்க, பாக்டீரியாக்கள் சிதைக்க, சத்தெல்லாம் இருட்டான கீழடுக்கில் சேரும். வெளிச்சம், சத்து இரண்டும் ஓரளவுக்காவது கிடைப்பது நடு எல்லையில்தான். மேற்பரப்பு வெளிச்சத்தில் 1 சதவீதமே எட்டும் ஆழத்திலும் செல்கள் பிழைக்கின்றன. மங்கலை ஈடுகட்ட ஒவ்வொன்றும் கூடுதல் பச்சையம் செய்துகொள்கிறது. (அதனால் பச்சையம் உச்சமாக உள்ள இடத்தில் செல்களின் எண்ணிக்கையும் உச்சம் என்று சொல்லிவிட முடியாது.)

சரி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அந்த எல்லையில் சில சமயம் மிதவையுயிரிகள் ஒரு மீட்டருக்கும் குறைவான தடிமனில், பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஏடாகக் குவிந்து கிடக்கின்றன. அவ்வளவு மெல்லிய இடத்தில் அவற்றைப் பிடித்து வைப்பது எது?

நீந்தும் இனங்கள் பலவற்றுக்கு அடிப்பாகம் கனம். அடி கனத்த பொம்மையைத் தள்ளிவிட்டால் ஆடி ஆடி நிமிருமே, அதேபோல் ஈர்ப்பு விசை அவற்றை நிமிர்த்தி வைக்கும். அப்படியே நீந்தினால் மேலே போகும். இப்போது மேலடுக்கு ஒரு வேகத்திலும் கீழடுக்கு வேறு வேகத்திலும் நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்துத் தேய்த்தால் உருள்வதுபோல், இடையில் மாட்டிய செல்லை நீர் உருட்டப் பார்க்கும். வேக வித்தியாசம் சிறிதென்றால் செல் சற்றுச் சாய்ந்து சமாளிக்கும். ஓர் அளவைத் தாண்டினால் நிமிர்த்தும் விசை தோற்றுப்போய், செல் குட்டிக்கரணம் போடத் தொடங்கும். நீந்திக்கொண்டேதான் இருக்கிறது, பாவம். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் அங்கேயே சுற்றுகிறது. கீழிருந்து வருபவையும் அதே இடத்தில் சிக்க, ஏடு அடர்த்தியாகிறது. வில்லியம் டர்ஹாம், ஜான் கெஸ்லர், ரோமன் ஸ்டாக்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை ஆய்வகத் தொட்டியில் செய்து காட்டி 2009-இல் வெளியிட்டார்கள். ஏடு உருவாக வேறு வழிகளும் உண்டு; ஆனால் இவ்வளவு அழகான பொறி வேறில்லை என்பேன்.

பத்து மீட்டருக்கு ஒரு புட்டி என்று நீர் எடுத்தால் இந்த ஏடு சிக்காமலே போகலாம். செயற்கைக்கோளுக்குப் போகும் பணத்தில் சிறு பங்காவது, ஆழத்தை அங்குலம் அங்குலமாக அளக்கும் கருவிகளுக்கும் அவற்றைக் கொண்டுபோகும் படகுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் மீன்குஞ்சுகளுக்குச் சராசரிக் கணக்கு சோறு போடாது. 1970-களில் தெற்குக் கலிபோர்னியா கரையோரம் மீன்வள ஆய்வாளர் ரூபன் லாஸ்கர் ஆராய்ந்தபோது, நெத்திலிக் குஞ்சுகளுக்குப் போதுமான இரை பச்சையம் செறிந்த அடுக்கில்தான் இருந்தது. அப்புறம் ஒரு புயல் அடித்து அடுக்குகளைக் கலக்கிவிட்டது. இரை எங்கும் பரவியது. குஞ்சுகளின் வயிறு நிறையும் அளவுக்கு எங்குமே இல்லாமல் போனது.