ஆர்வலர் வானலை: 'அமெச்சூர் ரேடியோ' என்னும் சொல்லும் மலையகமும்

தமிழில் 'அமெச்சூர்த்தனம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. குறும்படம் சரியாக வரவில்லை, நாடகத்தில் நடிப்பு ஒட்டவில்லை என்றால் விமர்சகர் எடுத்து வீசும் சொல் அது. அரைகுறை, கைதேறாதது, பக்குவமில்லாதது என்ற தொனி அதில் உண்டு. அனுமதி பெற்ற ஆர்வலர்கள் தங்கள் கருவிகளால் வானலையில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் 'அமெச்சூர் ரேடியோ' பற்றிக் கேட்டதும் நம்மவர்களில் பலர் அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவதற்கு இந்தப் புழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சொல்லின் வேரில் அப்படி ஓர் இழிவும் இல்லை.

லத்தீன் மொழியில் 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். அது பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போய் 'அமெச்சூர்' ஆனது. கூலிக்கென்று இல்லாமல், ஒரு கலையின் மேலோ துறையின் மேலோ உள்ள விருப்பத்தால் அதில் இறங்குபவர் என்பதே அதன் முதற்பொருள். 'திறமை குறைந்தவர்' என்பது பின்னால் வந்து ஒட்டியது. சட்டம் இன்றும் முதற்பொருளையே கொள்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானலை ஒழுங்குவிதிகள் இந்தச் சேவைக்குத் தரும் வரைவிலக்கணத்தின் சாரம் இது: தாமே கற்றுக்கொள்ளவும், ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளவும், தொழில்நுட்பத்தை ஆராயவும், பண நோக்கு இல்லாமல், உரிய அனுமதி பெற்றவர்கள் நடத்தும் வானலைத் தொடர்பு.

அரைகுறை என்ற பழியை வரலாறும் ஏற்காது. 1912இல் அமெரிக்கச் சட்டம் ஆர்வலர்களை 200 மீற்றருக்கும் குறைந்த அலைநீளங்களுக்குத் தள்ளிவைத்தது. நெடுந்தூரம் போக நீண்ட அலைதான் வேண்டும், குட்டையான அலைகளால் பயனில்லை என்பது அன்றைய நிபுணர்களின் முடிவு. ஒதுக்குப்புறமாகக் கிடைத்த அந்த இடத்தில் ஆர்வலர்கள் விடாமல் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லெயோன் தெலுவா என்ற ஆர்வலரும் அமெரிக்காவிலிருந்து ஃபிரெட் ஷ்னெல்லும் ஏறக்குறைய 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி ஒருவருக்கொருவர் பதில் கொடுத்துக்கொண்டார்கள். சிற்றலைக்குக் கடல் தாண்டும் வலு உண்டென்று உலகத்துக்குக் காட்டியதில் சம்பளமில்லாத இந்த மனிதர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பிறகு சிற்றலையில் இலங்கை வானொலியைக் கடல் கடந்து கேட்டு மகிழ்ந்த தலைமுறை ஒன்று இருந்ததே, அந்த வசதிக்கும் வழி திறந்தது இங்கேதான்.

இந்த ஆர்வலர்களுக்கு வழங்கும் இன்னொரு பெயரான 'ஹாம்' என்ற சொல்லுக்கு வருவோம். மூன்று பேரின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து உண்டானது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. வானலை வருவதற்கு முன்பே, கம்பித் தந்தி அனுப்பியவர்கள் கை சரியாக ஓடாத சக ஊழியரை 'ஹாம்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிப் பெயரை ஆர்வலர்கள் மேல் போட்டார்கள்; அவர்கள் அதைத் தங்களுக்கே உரிய பெயராக மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பேச்சில் இதை மாற்றத் தேவையில்லை. 'நான் ஒரு ஹாம்' என்றால் உலகின் எந்த மூலையிலும் விளங்கும்.

எழுத்துக்கு என்ன சொல் வைப்பது? 'பயில்முறை' என்பது நாடகத் துறையில் நன்றாக ஊன்றிய சொல். ஆனால் 'வானலைக்கு' முன்னால் அதை வைத்தால், இன்னும் படித்து முடிக்காதவர் என்ற பொருள் வருகிறது. 'தன்னார்வ' என்றால் தொண்டு செய்பவர் நினைவுக்கு வருகிறார். 'பொழுதுபோக்கு' என்பது பொருளைச் சுருக்கிவிடும். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'ஆர்வலர்'. இன்று சமூக ஆர்வலர், சூழல் ஆர்வலர் என்று சற்றே அலுவலகத் தோரணையில் இச்சொல் வழங்கினாலும் இதன் பழம்பொருள் வேறு. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று தொடங்கும் 71ஆம் குறளில், 'ஆர்வலர் புன்கணீர்' என்று வள்ளுவர் சொல்வது அன்புடையவரின் கண்ணீரைத்தான். லத்தீன்காரரின் 'அமாத்தோர்' இதே மனிதர். வேரோடு வேர் பொருந்தும் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் வேறெங்கும் தேட வேண்டும்?

அடுத்தது 'ரேடியோ'. லத்தீன் 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரம். ஒளிக்கதிருக்கும் அதுவே பெயர். வான் + ஒலி என்று நாம் செய்துகொண்ட 'வானொலி' அழகான சொல்தான். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கிய நாட்டில், நூறு ஆண்டுகளாக அது ஒலிபரப்போடு பின்னிப்போய்விட்டது. ஒருவர் பேச ஊரே கேட்பது ஒலிபரப்பு. ஆர்வலருக்கு அதற்கு அனுமதி இல்லை. பாட்டுப் போடக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது. அவருடைய வேலை இருவழித் தொடர்பு. அதிலும் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் சங்கேதம், கணினி வழியே போகும் எழுத்து, படம் என்று குரலே இல்லாத முறைகள் பல. ஆகவே 'வானலை' என்பதே பொருத்தம். ஆர்வலர் வானலை, அதைச் செய்பவர் வானலை ஆர்வலர்.

பெயர் போதும். மலையகத்துப் பிள்ளைகள் இதை ஏன் கையில் எடுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுகிறேன்?

நம் நிலம் அப்படி. தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ பள்ளத்தில் இருக்கும் ஒரு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கைபேசியில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மலை குறுக்கே நின்றால் மீடிறன் (அதிர்வெண்) கூடிய அலை நின்றுவிடும். 145 மெகாஹேர்ட்ஸ் அளவில் பேசும் சிறு கையடக்கக் கருவிக்கும் அதே கதிதான். பள்ளத்தில் அது அடுத்த தோட்டத்தைக்கூட எட்டாது. ஆனால் அதே கருவியோடு அப்புத்தளை விளிம்பில் போய் நில்லுங்கள். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் தெற்குச் சமவெளி முழுக்கக் காலடியில் விரியும். அந்த உயரத்துக்கு வானலையின் தொடுவானம் 150 கிலோமீற்றருக்கு அப்பால். தென் கடற்கரை அதற்குள் அடங்கிவிடும். நம்மைத் தடுக்கும் மலைதான் நமக்குக் கோபுரமும். 2,524 மீற்றர் உயரப் பீதுருதலாகலை உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரத்தை நட்டதும் இதற்காகவே.

பள்ளத்தில் இருப்பவருக்கும் வழி இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 7 மெகாஹேர்ட்ஸ், அதாவது 40 மீற்றர் அலைக்கு, மலையைத் துளைக்கவோ சுற்றவோ வேண்டியதில்லை. ஏரியலைத் தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர் மேலே போகும். வளிமண்டலத்தின் உச்சியில் 200, 300 கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேறிய அடுக்கு அதைத் திருப்பி அனுப்பும். தண்ணீர்ப் பீலியை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் சுற்றிலும் மழையாக விழுவதுபோல், அந்த அலை சில நூறு கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் எல்லாப் பள்ளத்தாக்கிலும் மேலிருந்து இறங்கும். பகலில் பதுளையும் கண்டியும் யாழ்ப்பாணமும் அந்த வட்டத்துக்குள். மதுரையும் திருச்சியும்கூட எட்டும். இரவில் அந்த அடுக்கு மெலியும். அருகில் இருப்பவர் மறைந்து தொலைதூரத்தார் கேட்கத் தொடங்குவார்கள்.

இதற்கு வேண்டிய ஏரியலைக் கடையில் வாங்க வேண்டாம். 143ஐ மெகாஹேர்ட்ஸ் மீடிறனால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு அது 20 மீற்றர் சொச்சம். பத்துப் பத்து மீற்றராக இரண்டு செப்புக் கம்பி, நடுவில் ஒரு துண்டு பீவீசி குழாய், அதில் துளையிட்டு இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொடாமல் கட்டி, அங்கிருந்து கருவிக்கு, நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் உள்ள கோஅக்சியல் வயர். ஒட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து மழை புகாமல் சுற்ற வேண்டும். நுவரெலியா மூடுபனியில் பாதுகாப்பில்லாத செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும். நுனிகளை நைலோன் கயிற்றால் தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்களில் ஐந்தாறு மீற்றர் உயரத்தில் கட்டலாம். கயிற்றை இறுக்கிக் கட்டிவிடக்கூடாது. காற்று மாதங்களில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். கொஞ்சம் தொய்வு விட வேண்டும். தோட்ட மரமென்றால் முதலில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி கட்டினால் முதல் வேலை ஏரியல் வயரைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போடுவது. இதில் சமரசம் கூடாது.

கார் பற்றரி ஒன்றும் ஐந்து வாட் கருவியும் இருந்தால் மின்சாரமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். 2004 டிசம்பரில் கடல்கோள் வந்து தொலைபேசி அறுந்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் இல்லத்துக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை உண்டாக்கித் தந்தவர்கள் இந்நாட்டு ஆர்வலர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதைகளும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகப் போனதையும் பார்த்தோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வானலை ஆர்வலர், பக்கத்துத் தோட்டத்து ஆர்வலரோடு வாரத்துக்கு ஒரு முறை பேசிப் பழகியிருந்தால், அப்படியொரு காலையில் 'எந்தப் பாதை உடைந்தது, எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்' என்ற செய்தியாவது மலையை விட்டு வெளியே போகும். ஆபத்து வந்த பிறகு கருவியை எடுத்துப் பழக முடியாது. அதனால்தான் இது விருப்பமாகத் தொடங்க வேண்டும்.

ஒரு தயக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். யுத்த காலத்தில் 'வோக்கிடோக்கி' என்றாலே தமிழ் வீடுகளில் பயம். அம்மாமார் இன்றும் 'அதெல்லாம் நமக்கு வேணாம்ப்பா' என்று சொன்னால் அது வெறும் அறியாமை இல்லை. அந்தப் பயத்துக்குச் சரியான பதில் அனுமதிப்பத்திரம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதி பெற்றவருக்கு வானலையில் அவரை அடையாளம் காட்டும் ஓர் அழைப்புக்குறியை அரசே தருகிறது. இலங்கை ஆர்வலர்களின் குறிகளை உலகம் '4எஸ்7' என்ற முன்னொட்டால் அறியும். பிரித்தானியர் காலத்தில் அது 'விஎஸ்7' ஆக இருந்தது. அனுமதி இல்லாமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவியை வாங்கி அழுத்திப் பேசுவது குற்றம். கருவியைத் தருவிப்பதற்கும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். முதலில் பரீட்சை, பிறகு கருவி.

பரீட்சை பயமுறுத்தும் ஒன்றல்ல. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதி, அலைநீளம், மீடிறன் இவற்றிலிருந்து ஏறிப் போகும் படிதான் அது. மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச நிபந்தனையை 2003இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் அதைக் கற்றவர்கள் யாரும் வருந்தியதில்லை. மிகக் குறைந்த வலுவிலும் இரைச்சலுக்குள்ளும் அது ஊடுருவிப் போகும். விதிமுறைகளையும் வகுப்புகளையும் ஆணைக்குழுவிடமும், நாட்டின் ஆர்வலர் அமைப்பான ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவிடமும் கேட்டறியலாம்.

அதுவரை கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை வாங்கியை (ரிசீவரை) இணையத்தில் எவரும் திருகிக் கேட்க விட்டிருக்கிறது. கைபேசி போதும். 7 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இரைச்சலுக்குள்ளிருந்து மனிதக் குரல்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அவற்றில் 'சீ கியூ, சீ கியூ' என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டால், அது பழைய தந்திக்காரர்களின் வழக்கு: 'கேட்கும் எவரும் வாருங்கள்' என்று அழைக்கிறார். பதில் சொல்பவர் தன் அழைப்புக்குறியை 'அல்ஃபா, பிராவோ' என்று எழுத்தெழுத்தாக உச்சரிப்பார். பிறகு சிக்னல் எப்படி இருக்கிறது, பெயர் என்ன, ஊர் எது. விடைபெறும்போது 'செவன்டி த்ரீ' என்பார்கள். வாழ்த்துகள் என்று பொருள்.

அழைப்புக்குறியை ஆங்கில எழுத்தில் சொல்வதே வழக்கம். மற்றப்படி தமிழில் பேசத் தடையேதும் இல்லை. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் 40 மீற்றரில் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். அனுமதி கிடைத்து முதல்முறை பொத்தானை அழுத்தும்போது நா உலர்ந்துபோகும், அது எல்லோருக்கும் நடப்பது. குறியை இரண்டு முறை நிதானமாகச் சொல்லி, விரலை எடுத்துக் கேளுங்கள். 'குறி கிடைச்சிருச்சு தம்பி, எந்த ஊரு?' என்று கேள்வி வரும். ஊர்ப் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.