‘இதே லுக் வேணும் சார்’: பாடல் வீடியோவுக்கு ரெஃபரன்ஸ் தேடும் முன்

சுயாதீனப் பாடலுக்கு வீடியோ எடுத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் பாட்டோடு சேர்த்து பின்டரெஸ்ட் தளத்தில் பிடித்த படங்களைச் சேர்த்துவைத்த ஒரு போர்டையும் கொண்டுவருகிறார்கள். திறந்தால் நியான் விளக்கு, மழையில் நனைந்த சாலை, ஊதா வெளிச்சத்தில் ஒரு அறை, ஜன்னலோரம் ஒரு முகம். கதையோ கும்பகோணம் பக்கம் நடக்கும். கேட்ட லுக்கைக் கொடுத்துவிடலாம், அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் அந்த லுக்குக்குள் கதையை எங்கே உட்கார வைப்பது என்றுதான் தெரியாது.

ரெஃபரன்ஸ், அதாவது பார்த்து எடுக்க மாதிரிப் படம், தேடுவதில் தப்பே இல்லை, எல்லோரும் தேடுகிறோம். மற்ற பாடல் வீடியோக்களில் மட்டும் தேடுவதுதான் சிக்கல். யாரோ ஒருவர் ஓவியத்தைப் பார்த்து எடுத்திருப்பார், அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து நாம். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ (1991) வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியங்களுக்கும், சிறகு முளைத்த கிழவரைப் பற்றிய கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் சிறுகதைக்கும் போனார் அவர். ஓவியம் ஒளியைக் கொடுத்தது, கதை சம்பவத்தைக் கொடுத்தது. இப்படிப் பிரித்து எடுக்கத் தெரிவதுதான் தொழில். என்னோடு வேலை செய்கிறவர்களிடம் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதச் சொல்வேன்: இதில் எனக்கு எது வேண்டும்? ஒளியா, நிறமா, ஆள் நிற்கிற இடமா, உடையா? ‘எல்லாமே’ என்று பதில் வந்தால் அந்தப் படத்தைத் தூக்கிவிடலாம். அது ரெஃபரன்ஸ் இல்லை, வெறும் ஆசை.

தேடுவதற்கு முன்னால் பாட்டைக் கேட்க வேண்டும். வரியில் மழை வந்தால் திரையிலும் மழை வேண்டியதில்லை, வரி ஏற்கெனவே நனைத்துவிட்டது. கதை நகர வசதியான இடம் இடையிசை, அங்கே சொற்களின் போட்டி கிடையாது. பல்லவி திரும்பத் திரும்ப வரும், சொல் மாறாது, அதனால் காட்சி மாற வேண்டும். முதல் பல்லவியில் அவள் அவனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பல்லவியில் அதே பைக்கை அவளே ஓட்டுகிறாள், பின்னால் காஸ் சிலிண்டர். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவரே சொல்லிக்கொள்வார். பாட்டின் எந்த இடத்தில் எந்தக் காட்சி என்ற இந்த வரைபடம் கையில் இருந்தால்தான் எந்தப் படத்தைத் தேடுகிறோம் என்றே தெரியும்.

சரி, எங்கே தேடுவது? வசனம் இல்லாமல் கதை சொல்லக் கற்றுக்கொள்ள நான் முதலில் சொல்லும் இடம் திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை 17ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாகப் பட்டைகளில் தீட்டியிருக்கிறார்கள், தமிழில் குறிப்புகளோடு. கிட்டத்தட்ட ஸ்டோரிபோர்டுதான், படமெடுக்கும் முன் ஷாட்களை வரிசையாக வரைந்து வைப்போமே, அது. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். எத்தனை பேர் கூடியிருந்தாலும், எந்த உடையில் இருந்தாலும் கண் அவனைக் கண்டுபிடித்துவிடும். இப்போது உங்கள் வீடியோவை யோசியுங்கள். நாலு நிமிடம், கைபேசித் திரை, ஒரு ஷாட் ஒன்றிரண்டு வினாடி. கதாநாயகியைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிய என்ன வைத்திருக்கிறீர்கள்? எல்லாக் காட்சியிலும் ஒரே நிறத் துப்பட்டாவா, தோளில் ஒரு பெரிய பையா? இந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் உடைக்குச் செலவு செய்கிறவர்கள் அதிகம்.

இன்னொரு இடம் தொல்காப்பியம். சிரிக்க வேண்டாம், பொழுது தேர்வுக்கு அதைவிட நல்ல கையேடு நான் பார்த்ததில்லை. பிரிவு என்றாலே நாம் இரவுக்கும் மழைக்கும் ஓடுகிறோம். பிரிவுக்குரிய பாலைக்கு அந்த நூல் வைத்திருப்பது நண்பகலும் வேனிலும். ஊடலுக்குரிய மருதத்துக்கு வைகறை, காத்திருக்கும் முல்லைக்குக் கார்கால மாலை. நண்பகல் என்றால் எங்கள் ஆட்களுக்கு லஞ்ச் பிரேக். சூரியன் உச்சியில் நின்று கண்குழியை இருட்டாக்கிவிடும், அந்த நேரத்தில் ஷாட் வைத்தே ஆக வேண்டும் என்றால் தெர்மக்கோலைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி நிழலை நிரப்புவார்கள். பிரிவுப் பாட்டுக்கு அதை நிரப்பாமல் விட்டுப் பாருங்கள். வெளுத்த வானம், காலடியில் சுருங்கிய நிழல், கண் தெரியாத முகம். நியான் விளக்குக்கு வாடகையும் மிச்சம்.

வீட்டு ஆல்பங்களையும் பழைய ஸ்டூடியோப் படங்களையும் விடாதீர்கள். தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் தம்பதிகளைப் பார்த்தால், நடிகர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது புரியும்.

ஏஐ படங்களைப் பற்றி ஒரு வார்த்தை: மனநிலையைப் பேச உதவும். ஆனால் அந்தத் தெருவும் இல்லை, அந்த வெளிச்சம் வரும் திசையும் இல்லை. தயாரிப்பாளர் அதைப் பார்த்து மனதில் முடிவு செய்துவிட்டால், உங்கள் பட்ஜெட்டில் அதை யாராலும் எடுக்க முடியாது.

அப்புறம் சட்டம். கதைக் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் எளிமையானது: இரண்டையும் பார்த்த ஒருவருக்கு ஒன்று மற்றொன்றின் நகல் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா? வெளிநாட்டில், பாடகி ரிஹானாவின் ஒரு வீடியோ தன் புகைப்படங்களைப் பார்த்து எடுக்கப்பட்டது என்று 2011இல் புகைப்படக் கலைஞர் டேவிட் லாஷாப்பெல் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு பாடகி பியான்சேயின் வீடியோ ஒன்றில் தன் நடன அசைவுகள் இருப்பதாக பெல்ஜிய நடனக் கலைஞர் அன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் குற்றம்சாட்டினார். பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் இருக்கிறார். உங்களுக்கு யூடியூபில் வீடியோ தூக்கப்பட்டாலே பாட்டு செத்துவிடும். அதனால் போர்டில் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அதை எடுத்தவரின் பெயரைக் குறித்து வையுங்கள். ஒரே பெயர் மூன்று நாலு இடத்தில் வந்தால், ஷூட்டிங் தேதி போடும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் அவருடைய படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள்.