பி2 சர்டிஃபிகேட் கையில இருக்கு, வார்டுல காது கேக்க மாட்டேங்குது

காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு ஆரம்பம். நைட் பாத்தவங்க ஒவ்வொரு பேஷன்ட்டா சொல்லி ஒப்படைச்சுட்டுப் போற நேரம், ஜெர்மன்ல அதுக்கு ஊபர்காபென்னு பேரு. திருநெல்வேலி பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, ஜெர்மனி வந்து மூணாவது வாரம், நோட்டும் பேனாவுமா நிக்கறா. நைட் நர்ஸ் ஒரு பெரியவர் பேரைச் சொல்லி "கெஃபெல்ட் மிர் ஹொய்டெ கார் நிஷ்ட்"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குத் தாவிட்டாங்க. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா "எனக்கு இவரை இன்னிக்குச் சுத்தமா பிடிக்கலை"ன்னு வரும். இவளும் அப்படித்தான் எடுத்துக்கிட்டா, ராத்திரி ஏதோ சத்தம் போட்டிருப்பாரு போலன்னு நினைச்சு அவரை கடைசியா பாத்துக்கலாம்னு மத்த ரூமுக்குப் போயிட்டா. ஆனா அந்த நர்ஸ் சொன்னது, "இன்னிக்கு இவர் பாக்கவே சரியில்லை, முதல்ல இவரைப் போய்ப் பாருங்க"ன்னு. நல்லவேளை, கூட நின்ன இன்னொருத்தங்களுக்கு அது புரிஞ்சுது, போய் பிபி பாத்தா ரொம்ப இறங்கியிருக்கு, உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க, பெரியவருக்கு ஒண்ணும் ஆகலை.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணி அழுதா. "அக்கா, நான் பி2 நாலு மாடியூலும் ஒரே தடவையில பாஸ் பண்ணவ, எனக்கு ஏன்க்கா இது புரியலை?"

நான் மேற்கு ஜெர்மனில ரூர் பகுதியில வெளிநாட்டு நர்ஸுங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தர்றேன், பதினோரு வருஷமா இதே வேலைதான். அவ கேட்ட கேள்வியை வேற வேற வாயில இருந்து எத்தனையோ தடவை கேட்டுட்டேன், அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதிடலாம்னு உக்காந்தேன். ஏன்னா மொழித் தேர்வுல சொல்ற இந்த ஏ1, பி2 லெவல் எல்லாம் என்ன, அது எதுக்காக வந்துச்சு, இப்போ ஐரோப்பாவுல அதை வெச்சு என்னென்ன பண்றாங்கன்னு தெரியாமலேயே நிறைய பேர் லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு ஃப்ளைட் ஏறிடறாங்க.

இந்த ஆறு லெவல், ஆரம்பமான ஏ1ல இருந்து உச்சமான சி2 வரைக்கும், ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கற ஐரோப்பிய கவுன்சில் 2001ல வெளியிட்டது. இது ஐரோப்பிய யூனியன் இல்லை, வேற அமைப்பு, 46 நாடு உறுப்பினர், நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. அவங்க இதைச் செஞ்சது ஒரு ஆள் அந்த மொழியில என்ன செய்ய முடியும்னு விவரிக்கறதுக்கு. கடையில பேசி வாங்க முடியுமா, ஃபோன்ல புகார் சொல்ல முடியுமா, மீட்டிங்ல தன் கருத்தை நின்னு பேச முடியுமா, இப்படி. பாடம் நடத்தறவங்களுக்கும் புத்தகம் எழுதறவங்களுக்கும் ஒரு பொது அளவுகோல் வேணும்னு வந்தது. 2020ல அதை விரிவாக்கி ஒரு கூடுதல் தொகுதி போட்டாங்க, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ரெண்டு. ஒண்ணு, ஒருத்தருக்கு எல்லாத் திறமையும் ஒரே லெவல்ல இருக்கணும்னு இல்லை, படிக்கறதுல பி2, கேக்கறதுல பி1, பேசறதுல ஏ2ன்னு மேடு பள்ளமா இருக்கறதுதான் இயல்புங்கறாங்க. இன்னொண்ணு, ஏற்கனவே தெரிஞ்ச மொழிகளைத் தூக்கிப் போடாம அதையும் வெச்சு வேலை செய்யறது, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குப் புரிய வைக்கறது, இதையும் மொழித் திறமையா கணக்குல எடுத்துக்கிட்டாங்க. நர்ஸ் வேலையே அதுதானே, டாக்டர் சொன்னதை பேஷன்ட்டுக்கும் பேஷன்ட் முனகினதை டாக்டருக்கும் கடத்தறது.

ஆனா அளக்கறதுக்கு வந்த கோலை நாடுங்க இப்போ கதவுக்குப் பூட்டா மாட்டிடுச்சு. அதுவும் போன ரெண்டு மூணு வருஷத்துல பூட்டு மேல மேல போகுது. பிரான்ஸ்ல 2024 ஜனவரி 26 தேதியிட்ட சட்டம், அமலுக்கு வந்தது 2026 ஜனவரி 1. அங்க பல வருஷம் தங்கறதுக்கான அனுமதி கார்டுக்கு முன்னாடி கிளாஸுக்குப் போனாலே போதும், இப்போ ஏ2 பாஸ் பண்ணணும். பத்து வருஷ கார்டுக்கு ஏ2 இருந்தது பி1 ஆச்சு. குடியுரிமைக்கு பி1 இருந்தது பி2 ஆச்சு. பாரிஸ்ல லா ஷப்பெல் பக்கம் இருபது வருஷமா கிச்சன்ல நின்னு வேலை பாத்து, பிரெஞ்சு பேசி எல்லாக் காரியத்தையும் முடிச்சுக்கிட்டு, ஆனா ஒரு லெட்டர் எழுதத் தெரியாத அண்ணன்மார் எத்தனை பேர். பி2ன்னா எழுத்துத் தேர்வு உண்டு, அவங்களுக்கு இது சின்ன மாற்றம் இல்லை, இதை நினைச்சா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. நெதர்லாந்து, குடியேற வர்றவங்க எழுதற ஒருங்கிணைப்புத் தேர்வுல 2022லயே ஏ2வை பி1 ஆக்கிடுச்சு. பிரிட்டன் 2026 ஜனவரில ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் புதுசா வர்றவங்களுக்கு பி1ல இருந்து பி2.

ஜெர்மனி கதை கொஞ்சம் வேற, இங்க ஆள் வேணும், அதனால உள்ள வர்ற வாசலை இறக்கி வெச்சிருக்காங்க. 2024 அக்டோபர்ல இந்தியாவுக்குன்னே தனித் திட்டம் போட்டு வேலைக்கு வர்ற விசாவை வருஷத்துக்கு 20,000ல இருந்து 90,000 வரைக்கும் கொண்டு போறோம்னாங்க. 2024 மார்ச்ல இருந்து, கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டா ஏ2 ஜெர்மனோட வந்து, இங்க வேலை பாத்துக்கிட்டே படிப்புக்கு அங்கீகாரம் வாங்கற வழி திறந்தது. 2024 ஜூன்ல வேலை தேடி வர்றதுக்கு சான்சன்கார்ட்னு ஒரு அனுமதி வந்துச்சு, அதுக்கு மத்த தகுதியெல்லாம் இருந்தா ஏ1 ஜெர்மன் இல்லைன்னா பி2 இங்கிலீஷ் இருந்தாலே அப்ளை பண்ணலாம். குடியுரிமைக்கு எட்டு வருஷம் அஞ்சா குறைஞ்சுது, பி1 வேணும். சி1 இருந்தா மூணு வருஷத்துலயே தர்றோம்னு சொன்னதை 2025 அக்டோபர்ல எடுத்துட்டாங்க.

இதுல ஏமாற்றம் எங்க நடக்குதுன்னா, விசாவுக்குக் கேக்கற லெவல் வேற, லைசென்ஸுக்குக் கேக்கற லெவல் வேற, வார்டுல தேவைப்படற லெவல் வேற. ஏஜென்ட் முதல் வாசலை மட்டும் காட்டி "ஏ1 போதும்மா, போய் கத்துக்கலாம்"ங்கறாரு. விசா கிடைக்கும்தான். ஆனா நர்ஸ் லைசென்ஸுக்கு பெரும்பாலும் பி2 கேப்பாங்க, டாக்டர்னா மருத்துவ மொழியில சி1 லெவல் தேர்வு தனியா இருக்கு. அது வர்ற வரைக்கும் உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து ராத்திரி கிராமர் படிக்கறது எவ்வளவு கஷ்டம்னு என் கிளாஸ்ல டெஸ்க்லயே தூங்கற பிள்ளைங்களைப் பாத்தா தெரியும்.

அங்கீகாரம் பத்தியும் சொல்லிடறேன், அனெர்கென்னுங்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நம்ம ஊர் படிப்பு இங்கத்த படிப்புக்குச் சமம்னு ஒத்துக்கறது. ஐரோப்பிய யூனியனோட 2005ஆம் வருஷ விதிப்படி பொது நர்ஸ் படிப்புன்னா குறைஞ்சது மூணு வருஷம், 4,600 மணி நேரம். ஜெர்மனி 2020ல முதியோர் நர்சிங், ஆஸ்பத்திரி நர்சிங், குழந்தைகள் நர்சிங்னு தனித்தனியா இருந்ததை ஒண்ணாக்கி புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு, அதுல கிளாஸ் 2,100 மணி நேரம், செய்முறை 2,500 மணி நேரம், கூட்டிப் பாருங்க அதே 4,600. யூனியனுக்குள்ள படிச்சவங்களுக்குத் தானாவே அங்கீகாரம், நமக்கு அப்படி இல்லை, நம்ம படிப்பை பாடம் பாடமா எடுத்து ஒப்பிட்டுப் பாப்பாங்க. பிஎஸ்சி நாலு வருஷம் படிச்சவளுக்கே இங்க குறை இருக்குன்னு லெட்டர் வரும், அதுக்குப் பேரு டெஃபிஸிட் பெஷைட். அதைப் பாத்து இடிஞ்சு போயிடாதீங்க, நம்ம ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு அது சாதாரணமா வர்றதுதான். அதுக்கப்புறம் ரெண்டு வழி: ஆஸ்பத்திரில மேற்பார்வையோட சில மாசம் பயிற்சி, இல்லைன்னா அறிவுத் தேர்வு, வாய்மொழியும் செய்முறையும். தேர்வுல விழுந்த பகுதியை ஒரே ஒரு தடவைதான் திருப்பிப் பண்ணலாம். கேட்டுப் புரிஞ்சுக்கறதுல தடுமாற்றம் இருந்தா பயிற்சியை எடுங்க, நாள் அதிகம் ஆனாலும் பரவாயில்லை. சீக்கிரம் முடியும்னு தேர்வுக்குப் போய், விஷயம் தெரிஞ்சும் கேள்வி புரியாம விழுந்தவங்களைப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு கோபமாவே சொல்றேன். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு அனுபவமும் இருக்கற பிள்ளைங்களை "அவுஸ்பில்டுங்ல சேத்து விடறேன், சீக்கிரம் விசா வரும்"னு அனுப்பறாங்க. அவுஸ்பில்டுங்னா சம்பளத்தோட முதல்ல இருந்து படிக்கற தொழில் படிப்பு, ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு அருமையான வழி, நான் குறை சொல்லவே மாட்டேன், மூணு வருஷம் ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் மாறி மாறி, நர்சிங்ல ஸ்கூல் ஃபீஸ் கிடையாது, அரசு சம்பள ஒப்பந்தத்துல முதல் வருஷமே பிடித்தத்துக்கு முன்னாடி மாசம் 1,300 யூரோவுக்கு மேல வரும். ஆனா ஏற்கனவே நர்ஸா இருக்கறவ திரும்ப முதல் வருஷத்துல உக்காந்து பெட் மேக்கிங் கத்துக்கறது எதுக்கு? அவளுக்கான வழி அங்கீகாரம். அதை அவகிட்ட யாரும் சொல்றதே இல்லை.

காசு விஷயம். ஜெர்மன் அரசாங்கம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கற நிறுவனங்களுக்கு நியாயமான ஆள்சேர்ப்புன்னு ஒரு முத்திரை தருது, அதோட விதிப்படி செலவு வேலை தர்றவங்களோடது, உங்களோடது இல்லை. ஜெர்மன் அரசு அமைப்புங்க நர்ஸ் எடுக்க 2013ல இருந்து நடத்தற டிரிபிள் வின் திட்டமும் அப்படித்தான். இந்தியாவுல பதிவு பண்ணின ஏஜென்ட் வாங்கற சர்வீஸ் சார்ஜுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோட ஜிஎஸ்டி. அஞ்சு லட்சம், எட்டு லட்சம்னு கேக்கறவர் இந்திய அரசோட இமைக்ரேட் தளத்துல பதிவு பண்ணியிருக்காரான்னு முதல்ல பாருங்க. காண்ட்ராக்ட்ல வேலையை விட்டா எவ்வளவு திருப்பித் தரணும்னு போட்டிருப்பாங்க, அந்தப் பக்கத்தை மட்டுமாவது நல்லா ஜெர்மன் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் கொடுத்து வாசிக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

சரி, அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு வர்றேன். கோத்தே இன்ஸ்டிடியூட் பி2 தேர்வுல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு மாடியூல், ஒவ்வொண்ணுக்கும் 100க்கு 60 எடுத்தா பாஸ். ஸ்டூடியோல பதிவு பண்ணின தெளிவான குரல், சுத்தமான ஜெர்மன். வார்டுல பல்செட் கழட்டி வெச்ச பாட்டி "தாஸ்"ங்கறதை "தாட்"னும் "வாஸ்"ங்கறதை "வாட்"னும் பேசுது, பின்னாடி பெல் அடிக்குது, ஃபோன் அடிக்குது. பாஸ் பண்ணினது பொய் இல்லை, அது அளந்தது வேற இடத்துல.

அதனால நான் கிளாஸ்ல முதல் பத்து நிமிஷம் கிராமரே எடுக்க மாட்டேன், நம்பர்தான். ஜெர்மன்ல 24ஐ "ஃபியர் உன்ட் ஸ்வான்ஸிக்"ம்பாங்க, நாலும் இருபதும். காதுல முதல்ல நாலு விழுந்ததும் கை 4ன்னு எழுதிடும், அப்புறம் 2, பாத்தா பேப்பர்ல 42. இன்சுலின் யூனிட்ல இது நடந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. முழு நம்பரும் காதுல விழற வரைக்கும் பேனா பேப்பரைத் தொடக்கூடாது, எழுதினதும் ஒவ்வொரு எண்ணா திருப்பிச் சொல்லிக் கேக்கணும், இது என் கிளாஸ்ல சட்டம். அதே மாதிரி "ஹால்ப் ஆஹ்ட்"னா அரை, எட்டுன்னு கேட்டு எட்டரைன்னு எடுத்துக்கறாங்க, அது ஏழரை மணி. எட்டுக்குப் போற வழியில பாதி வந்தாச்சுங்கறது கணக்கு. மாத்திரை ஒரு மணி நேரம் தள்ளிப் போயிடும். "மிர் இஸ்ட் ஷ்லெஷ்ட்"னு பேஷன்ட் சொன்னா வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு அர்த்தம், ட்ரே எடுத்துட்டு ஓடணும். இதெல்லாம் தனித்தனி வார்த்தையா பி1லயே படிச்சவங்கதான், முழுசா காதுல விழும்போது பிடிபடறதில்லை.

இன்னொரு விஷயம், இங்கிலீஷ் வழியா ஜெர்மன் படிக்காதீங்க, தமிழ் வழியா படிங்க. "டூ", "ஸீ"ன்னு ரெண்டு இருக்கறதை இங்கிலீஷ்ல ஒரே யூன்னு சொல்லிக் கொடுத்தா குழம்பும், நமக்கு நீ, நீங்க இருக்கே, ஒரு நிமிஷத்துல புரிஞ்சுடும். "வைல் இஷ் மூடெ பின்"னு துணை வாக்கியத்துல வினை கடைசில போறதுக்கு இங்கிலீஷ்ல யோசிச்சா தலை சுத்தும், "நான் டயர்டா இருக்கறதால"ன்னு நம்ம வாயில வினை எப்பவும் கடைசிலதானே வருது. இதைச் சொன்னதும் பிள்ளைங்க முகம் மாறும் பாருங்க, அதுக்காகவே இந்த வேலையை விட மனசு வரலை.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை கண்டிப்பா முடிச்சுடுங்க. படிச்ச காலேஜுக்கு நேர்லயே போய், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டுல எத்தனை மணி நேரம் போஸ்டிங்னு முழு விவரத்தையும் லெட்டர்ஹெட்ல கையெழுத்து, சீலோட வாங்கி வெச்சுக்கோங்க. குறை லெட்டர் நீளமா வர்றதும் சின்னதா வர்றதும் நிறைய இதைப் பொறுத்துத்தான். இங்க வந்தப்புறம் அப்பாவை அலைய விட்டு வாங்கறது ரொம்பக் கஷ்டம், போன மாசம்தான் ஒரு பொண்ணோட அப்பா நாலு தடவை பஸ் ஏறிப் போயிட்டு வந்தார், கிளார்க் லீவுன்னு.