மூஞ்சி நரம்பு வலிக்கு ரோபோட் ஆபரேஷன்னா இன்சூரன்ஸ் தருவாங்களா?

ட்ரைஜெமினல் நியூரால்ஜியாங்கற இந்த மூஞ்சி நரம்பு வலி வந்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும், பல்லு தேய்க்க பிரஷ்ஷை வாயில வெச்சாலே போதும், ஃபேன் காத்து கன்னத்துல பட்டாலே போதும், ஒரு பக்க மூஞ்சில சுரீர்னு கரண்ட் பாயும். பல்வலின்னு நினைச்சு நல்ல பல்லைப் புடுங்கிக்கிட்டவங்களும் உண்டு. மொதல்ல கார்பமாசெபின் மாத்திரைதான், அது கேக்கலைன்னாதான் ஆபரேஷன் பேச்சு வரும். அப்ப டாக்டர் "ரோபோட்டிக்"னு சொல்லிட்டா வீட்ல உடனே ஒரே கேள்விதான், இதுக்கு பாலிசில காசு வருமா?

ரோபோட்டுங்கிற ஒரே காரணத்தைச் சொல்லி முடியாதுன்னு சொல்லக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பர்ல ஒரு ரூல் போட்டாங்க, 12 நவீன சிகிச்சைகளை எந்த ஹெல்த் பாலிசியும் ஒதுக்கி வெக்கக்கூடாதுன்னு. அதுக்கு ஒத்துவராத பழைய பாலிசிகளை 2020 அக்டோபர் 1-ல இருந்து விக்கவே கூடாது. அந்த 12-ல மூணு நம்ம மேட்டருக்கு நேரா வருது. ஒண்ணு ரோபோட்டிக் சர்ஜரி, அதாவது வலி தர்ற நரம்பை அடக்க கன்னம் வழியா போற ஊசி மண்டையோட்டு அடியில இருக்கற சின்ன ஓட்டைக்கு குறி தப்பாம போக ரோபோட் கை வழி புடிச்சுக் குடுக்கும், செய்யறது என்னவோ டாக்டர்தான். இன்னொண்ணு காமா நைஃப், சைபர்நைஃப் மாதிரி கதிர்வீச்சு, பேர்லதான் கத்தி இருக்கு. மூணாவது ஐஓஎன்எம், காதுக்குப் பின்னாடி திறந்து நரம்பை அழுத்துற ரத்தக்குழாயை விலக்கி வெக்கறப்ப காது கேக்கற நரம்புக்கு அடி படுதான்னு பாத்துட்டே இருக்கற மெஷின்.

ஆனா இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கவர் பண்ணணும்னுதான் ரூல், முழுசா தரணும்னு இல்ல. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியையே எடுத்துக்கங்க, இந்த 12 சிகிச்சைக்கும் சம் இன்ஷ்யூர்டுல, அதாவது பாலிசியோட மொத்தத் தொகையில, 50% தான் லிமிட், 5 லட்சம் பாலிசின்னா 2.5 லட்சம், அதுபோக 5% கோ-பே, அதாவது க்ளெய்ம்ல நாம போடற பங்கு, நம்ம தலையில. அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே பாலிசி பேப்பர்ல "மாடர்ன் ட்ரீட்மென்ட்"ங்கிற பாராவைத் தேடிப் படிச்சுடுங்க, கூடவே டாக்டர்கிட்ட ரோபோட் இல்லாம இதே ஊசி சிகிச்சை செஞ்சா எவ்வளவுன்னு இன்னொரு எஸ்டிமேட்டும் கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல, ரோபோட் இல்லாமலும் இதைக் காலங்காலமா செஞ்சுட்டுதான் இருக்காங்க.

பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே வலி இருந்திருந்தா வெயிட்டிங் பீரியட் வரும், அது முடியற வரைக்கும் அந்த வலிக்கு க்ளெய்ம் கிடைக்காது, ஆனா அது 36 மாசத்தைத் தாண்டக்கூடாது. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா காசு கட்டறது, கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும்னு 2024 மே மாசம் வந்த சர்க்குலர் சொல்லுது.

ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா ஃபோன்ல சொன்னதை விட்டுடுங்க, எந்த கண்டிஷன்படி மறுத்தாங்கன்னு எழுத்துல வாங்குங்க. மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு ஆபீசருக்கு எழுதணும், 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், 50 லட்சம் வரைக்கும் கேஸ் எடுப்பாங்க. ஃபீஸ் கிடையாது, வக்கீலும் தேவையில்ல. கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும், அது மட்டும்தான்.